ஆரமும் தொடுகோடும்: ஒரு சைக்கிள் குடம் உடைஞ்ச கதை

ராத்திரி பதினோரு மணி இருக்கும். ஹால்ல உக்காந்து பழைய பேப்பரைப் புரட்டிக்கிட்டு இருந்தேன். திடீர்னு 'டிங்'னு ஒரு சத்தம். எவர்சில்வர் டம்ளர் தரையில விழுந்த மாதிரி. சமையலறைல போய்ப் பார்த்தா ஒண்ணும் விழலை. பூனையா இருக்கும்னு நினைச்சுப் படுத்துட்டேன்.

காலையில வாசல்ல செருப்பைத் தேடும்போது காலடியில ஏதோ குத்துச்சு. குனிஞ்சு எடுத்தா அலுமினியத் துண்டு. பிறை நிலா மாதிரி வளைஞ்சு, அரை விரல் நீளம். உள் ஓரத்துல எலி கடிச்ச மாதிரி மூணு அரைவட்டம். பக்கத்துல நிறுத்தியிருந்த பொண்ணோட சைக்கிளைப் பார்த்தேன். முன் சக்கரத்துல மூணு கம்பி ஹப்புல இருந்து கழண்டு தொங்குது.

முதல் நாள் சாயங்காலம் ஏழரை மணிக்குத்தான் அந்த சைக்கிள்ல அவ ட்யூஷன் முடிச்சு வந்தா. மெயின் ரோடு, பஸ்ஸு, லாரி எல்லாத்தையும் தாண்டி. அந்தச் சக்கரத்தைக் கட்டினது நான். அந்த ஹப்பைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். கொஞ்ச நேரம் படிக்கட்டுலயே உக்காந்துட்டேன்.

இந்தப் பதிவு அந்தத் துண்டைப் பத்தினது. ஆனா அதுக்குப் பின்னாடி இருநூறு வருஷக் கதை ஒண்ணு இருக்கு. கொஞ்சம் பொறுமையாப் படிங்க மக்களே.

நான் என்ன பண்ணினேன்

ஆபீஸ் நேரம் போக எனக்கிருக்கிற ஒரே கிறுக்கு சக்கரம் கட்டுறது. ரிம், ஹப், கம்பி, நிப்பிள் நாலையும் தனித்தனியா வாங்கி, பின்னி, கோட்டம் எடுத்து, சுத்திவிட்டுப் பார்க்கிறதுல ஒரு சுகம். உறையூர்ல எங்க தெருமுனையில சைக்கிள் கடை வச்சிருக்கிற அண்ணன்கிட்டத்தான் கத்துக்கிட்டேன். நாப்பது வருஷமா கோட்டம் எடுத்த கை அவருக்கு.

மச்சான் வெளிநாட்டுல இருந்து வரும்போது பழைய பந்தய சைக்கிள் ஒண்ணோட முன் ஹப்பைக் கொண்டு வந்தான். அலுமினியம், 36 ஓட்டை, பளபளன்னு தேய்ச்சு வச்சது. பார்த்ததும் ஆசை. வழக்கமாக் கம்பிகளை ஒண்ணுக்கொண்ணு குறுக்கே பின்னுவோம் இல்லையா, அப்படி இல்லாம, சூரியக் கதிர் மாதிரி நேர்நேரா இழுத்துக் கட்டணும்னு தோணிச்சு. ரேடியல்னு சொல்லுவாங்க. பார்க்க அம்புட்டு அழகு.

அண்ணன் ஹப்பை வாங்கி வெளிச்சத்துல திருப்பிப் பார்த்தார். ஓட்டைக்குப் பக்கத்துல பழைய கம்பி அழுத்தின தடத்தை நகத்தால தடவினார். "தம்பி, இது குறுக்குக் கம்பிக்குப் பழகின சாமான். பழகின வழியிலேயே போகட்டும்"னார்.

நான் கேக்கலை. மூணு மாசம் ஓடிச்சு. அப்புறம் 'டிங்'.

அவர் ஒரே வரியில சொன்னது என்னன்னு எனக்குப் புரிய, சக்கரம் பிறந்த இடத்துக்கே போக வேண்டியிருந்தது.

வண்டிச் சக்கரமும் சைக்கிள் சக்கரமும்

எங்க தாத்தா வீட்டுல கட்டை வண்டி இருந்துச்சு. சக்கரத்துக்கு நடுவுல குடம், அதுல சொருகின ஆரக்கால், அதைச் சுத்தி வட்டை, அதுக்கு மேல இரும்புப் பட்டா. இந்தக் குடத்தைத்தான் சைக்கிள்ல ஹப்புங்கிறோம். ஆரக்கால்தான் ஸ்போக்ஸ் கம்பி. பள்ளிக்கூடத்துல வட்டத்தோட மையத்துல இருந்து விளிம்பு வரைக்கும் போற கோட்டுக்கு 'ஆரம்'னு சொல்லிக் குடுத்தாங்களே, அதே சொல்லுதான். நம்ம மொழியில ஆரக்கால்னாலே நேராப் போறதுன்னு அர்த்தம் ஆயிடுது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில வேலைக்கு ஆகும்.

வண்டிச் சக்கரத்துல பாரம் அச்சு வழியாக் குடத்துக்கு வந்து, கீழ இருக்கிற ஆரக்கால் மேல உக்காருது. அது ஒரு தூண். நசுங்காம, வளையாம நிக்கிற அளவுக்குத் தடிமனா இருக்கணும். அதனாலதான் அந்தக் கனம்.

2 மில்லிமீட்டர் தடிமன்ல இருக்கிற சைக்கிள் கம்பியைத் தூணா நிறுத்தி மேல ஒரு கையை வச்சு அழுத்துங்க. உடனே வளைஞ்சுடும். ஆனா அதையே இழுத்துப் பாருங்க, ஒரு ஆளையே தொங்கவிடலாம். இந்த வித்தியாசத்தைச் சக்கரத்துக்குப் பயன்படுத்தலாம்னு எழுதி வச்சவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் கேலி. 1808-ல தன்னோட குறிப்பேட்டுல, தான் கனவு கண்ட பறக்கும் இயந்திரத்துக்கு எடை குறைஞ்ச சக்கரம் வேணும்னு யோசிச்சு, கட்டையை எடுத்துட்டு இறுக்கமான கயிறு கட்டினா என்னன்னு கேட்டிருக்கார். விமானத்துக்காக யோசிச்சது சைக்கிளுக்கு வந்து சேர அறுபது வருஷம் ஆச்சு.

எல்லாக் கம்பியையும் முன்கூட்டியே இழுத்து இறுக்கி வச்சுட்டா, பாரம் ஏறும்போது தரையைத் தொடுற கம்பிகள்ல இறுக்கம் கொஞ்சம் குறையும். அவ்வளவுதான். இறுக்கம் பூஜ்யத்துக்குப் போகாத வரைக்கும் கம்பி வளையாது. ஜாப்ஸ்ட் பிராண்ட்ங்கிற பொறியாளர் 1981-ல வெளியான 'தி பைசிக்கிள் வீல்' புத்தகத்துல இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். மேல் கம்பியில குடம் தொங்குதுன்னு நாம நினைக்கிறோம். உண்மையில மேல் கம்பியில பெரிய மாற்றம் கிடையாது, கீழ இருக்கிற நாலைஞ்சு கம்பிகள்லதான் எல்லாமே நடக்குது.

பாரிஸ்ல ஆரம்

1860-கள்ல பாரிஸ்ல மிஷோ கம்பெனியோட வெலாசிபீட் பிரபலம். முன் சக்கரத்துலயே பெடல். சக்கரமெல்லாம் மரம், மேல இரும்புப் பட்டா. சுருக்கமாச் சொன்னா நம்ம கட்டை வண்டிச் சக்கரத்தைச் சின்னதாக்கி மாட்டின மாதிரி. கல்லு பாவின ரோட்டுல போனா எலும்பெல்லாம் ஆடுமாம். இங்கிலாந்துக்காரங்க வச்ச பேரே 'போன்ஷேக்கர்'.

1869-ல பாரிஸ்ல இருந்த எஜேன் மேயர் கம்பி இழுவைச் சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியா முறுக்கிச் சரி பண்ணலாம். இன்னைக்கு நான் நிப்பிள் சாவியை வச்சுக்கிட்டு கோட்டம் எடுக்கிறேனே, அந்த வேலைக்கு அவர்தான் முன்னோடி. கம்பி எல்லாம் நேர் ஆரமாப் போச்சு. வேற எப்படிப் போகும்? வண்டிச் சக்கரத்தையே பார்த்து வளர்ந்த கண்ணுக்கு ஆரக்கால்னா ஆரம்தானே.

அதே 1869 நவம்பர்ல பாரிஸ்ல இருந்து ரூவான் வரைக்கும் 123 கிலோமீட்டர் பந்தயம் நடந்துச்சு. ஜேம்ஸ் மூர் ஜெயிச்சார். அந்த வருஷம்தான் ஜூல் சுரிரே சக்கரத்துக்குள்ள பால் பேரிங் வைக்கக் காப்புரிமை வாங்கினார். கம்பியும் பால்ஸும் ஒரே ஊர்ல, ஒரே வருஷத்துல. ஆனா அடுத்த வருஷமே பிரஷ்யாவோட போர் வந்துச்சு, பாரிஸ் முற்றுகைக்குள்ள மாட்டிக்கிச்சு, சைக்கிள் தொழில் படுத்துடுச்சு. தொழிலோட மையம் இங்கிலாந்துக்கு, குறிப்பா கவன்ட்ரிக்கு நகர்ந்துச்சு.

கவன்ட்ரியில தொடுகோடு

கவன்ட்ரியில தையல் மெஷின் செய்யிற கம்பெனி ஒண்ணு இருந்துச்சு. பாரிஸ்ல இருந்து வெலாசிபீட் ஆர்டர் வந்ததும் பேரை கவன்ட்ரி மெஷினிஸ்ட்ஸ்னு மாத்திக்கிட்டாங்க. அங்க மேஸ்திரியா இருந்தவர் ஜேம்ஸ் ஸ்டார்லி. 1830-ல பிறந்தவர், கை வேலையிலயே மேல வந்த மனுஷர்.

1870 ஆகஸ்ட்ல அவரும் வில்லியம் ஹில்மனும் சேர்ந்து 'ஏரியல்' சைக்கிளுக்குக் காப்புரிமை வாங்கினாங்க. பெரிய முன் சக்கரம், அதுல மெல்லிசுக் கம்பி. அதுலயும் கம்பிகள் ஆரமாத்தான் போச்சு. ஆனா ஒரு தந்திரம் இருந்துச்சு. குடத்துல ஒரு நெம்புகோல், அதோட முனையில இருந்து ரிம்முக்கு ரெண்டு இழுவைக் கம்பி. அதை முடுக்கினா ரிம்முக்குள்ளாற குடம் லேசாச் சுத்தும், எல்லாக் கம்பியும் ஒரே நேரத்துல இறுகும்.

யோசிச்சுப் பாருங்க. குடம் சுத்தினா, நேரா இருந்த கம்பி எல்லாம் கொஞ்சம் சாயும். மையத்தைப் பார்த்துப் போன கோடு மையத்துக்குப் பக்கத்துல ஒதுங்கிப் போகும். அதாவது ஆரம் தொடுகோடா மாற ஆரம்பிக்குது! ஸ்டார்லி இதைப் பார்த்துட்டுத்தான் அடுத்ததுக்குப் போனாரான்னு எனக்குள்ள ஒரு ஆசைக் கற்பனை. எப்படியோ, 1874-ல அவர் தொடுகோட்டுச் சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கிட்டார். பாதிக் கம்பி முன்பக்கம் சாயும், மீதி பின்பக்கம் சாயும், ஒண்ணையொண்ணு வெட்டிக்கிட்டுப் போகும். இன்னைக்கு உங்க வீட்டு வாசல்ல நிக்கிற சைக்கிளைப் பாருங்க. அதே பின்னல்தான். நூத்தைம்பது வருஷம் தாண்டியும் மாறலை.

உடனே எல்லாரும் மாறிடலை. முன்னாடி பெரிய சக்கரம், பின்னாடி குட்டிச் சக்கரம்னு படத்துல பார்த்திருப்பீங்களே, அந்த வண்டிகள்ல பல வருஷம் நேர்க்கம்பிதான். கம்பியோட நுனியில மரை போட்டு நேரா ஹப் தட்டுக்குள்ளயே முறுக்கிடுவாங்க. அழகாத்தான் இருக்கும். ஆனா கம்பி மரைக்கிட்ட ஒடிஞ்சா, ஒடிஞ்ச துண்டு ஹப்புக்குள்ளயே மாட்டிக்கும். அதைத் துளை போட்டுத்தான் எடுக்கணும். அந்தக் காலத்து மெக்கானிக்குகளை நினைச்சா பாவமா இருக்கு :-)

ஏன் மாத்தினாங்க? ஒரு சின்னக் கணக்கு

பெடல் மிதிச்சா குடம் சுத்துது. குடம் ரிம்மைச் சுத்தணும். நடுவுல இருக்கிறது கம்பி மட்டும்தான். கம்பி நேரா மையத்துல இருந்து கிளம்பினா, அது குடத்தை வெளிய இழுக்குமே தவிரச் சுத்தவிடாமப் பிடிக்காது. கிணத்து ராட்டினத்துக் கயிறு ராட்டினத்தோட ஓரத்துல பட்டுப் போறதாலதான் அது சுத்துது. கயிறை நடு அச்சுல கட்டி இழுத்தா சுத்துமா?

நம்ம அளவுல கணக்குப் பார்ப்போம். 36 கம்பிப் பின் சக்கரம், ஒவ்வொரு கம்பியிலயும் 100 கிலோ இழுவை. ஹப் தட்டுல மையத்துல இருந்து ஓட்டை வரைக்கும் 19 மில்லிமீட்டர். ஒருத்தர் 60 கிலோ பலத்தோட பெடலை மிதிக்கிறார், கிராங்க் 170 மில்லிமீட்டர், பல்சக்கர விகிதம் ரெண்டுக்கு ஒண்ணு. பின் ஹப்புக்கு வர்ற முறுக்கு சுமார் 50 நியூட்டன் மீட்டர்.

மூணு கம்பியைக் குறுக்கே வெட்டிப் போற பின்னல்ல ஒவ்வொரு கம்பியும் மையத்துல இருந்து சுமார் 17 மில்லிமீட்டர் ஒதுங்கிப் போகும். பாதிக் கம்பியில எட்டு கிலோ ஏறும், மீதிப் பாதியில எட்டு கிலோ இறங்கும். நூறுல எட்டு. கம்பிக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

நேர்க்கம்பியில? தொடக்கத்துல ஒதுங்கின தூரம் பூஜ்யம். அதனால அந்த முறுக்கைத் தாங்கணும்னா குடம் கிட்டத்தட்ட 4 டிகிரி திரும்பி, கம்பிகளைச் சாய வச்சாத்தான் முடியும். ஒவ்வொரு மிதிக்கும் திரும்பும், விட்டா திரும்பி வரும். ஒரு கம்பியை முன்னாடி பின்னாடி ஆட்டிக்கிட்டே இருந்தா என்ன ஆகும்னு ஹேங்கரை ஒடிச்ச எல்லாருக்கும் தெரியும்.

பெரிய முன் சக்கர வண்டிகள்ல பெடல் அந்தச் சக்கரத்துலயே இருந்ததால இந்தத் தொல்லை அங்கதான் இருந்துச்சு. வண்டியை நிறுத்தவும் பெடலைப் பின்பக்கம் அழுத்துவாங்க. ரெண்டு பக்கமும் ஆட்டம்.

1885-ல ஸ்டார்லியோட அண்ணன் தம்பி வழிப் பையன் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' சேஃப்டி சைக்கிளைக் கொண்டு வந்தார். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுச் சக்கரம், செயின் வழியாப் பின் சக்கரத்துக்கு விசை. இதுல யாரும் பெருசாப் பேசாத ஒரு விஷயம் நடந்துச்சு. முன் சக்கரத்துக்கு விடுதலை கிடைச்சுது! பெடல் இல்லை, முறுக்கு இல்லை. பிரேக்கும் ரிம்மைப் பிடிச்சா, விசை ரிம்முலயே முடிஞ்சுடுது, ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவுல சண்டையே கிடையாது. முன் சக்கரத்துக்கு நேர்க்கம்பியே போதும்னு ஆச்சு.

ஆனாலும் யாரும் பெருசா மாத்தலை. இங்கிலாந்து ரோட்ஸ்டர்ல முன்னாடி 32, பின்னாடி 40 கம்பி, ரெண்டும் பின்னல். அந்த ஊர் ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோட கூட்டுல 1949-ல தொடங்கின டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூர்ல செஞ்ச ஹெர்குலிஸ் வண்டிகள் வழியா அந்த வடிவம் நம்ம தெருவுக்கும் வந்துச்சு. பால்காரர், தபால்காரர், கேஸ் சிலிண்டர்காரர்னு எல்லாரும் ஓட்டினது ஸ்டார்லியோட பின்னலைத்தான்.

குடத்தோட பாடு

தேவையே இல்லாத முன் சக்கரத்துக்கும் ஏன் பின்னல்? இங்கதான் என் கையில இருந்த அலுமினியத் துண்டு பேச ஆரம்பிக்குது.

இதுவரைக்கும் கம்பியோட கஷ்டத்தைப் பார்த்தோம். குடத்தோட பக்கம் நின்னு பாருங்க. 36 கம்பி, ஒரு பக்கத் தட்டுக்கு 18. தலைக்கு 100 கிலோ. நேர்க்கம்பியா இருந்தா 18 கம்பியும் தட்டை வெளிப்பக்கமாப் பிய்க்குது. மொத்தம் 1.8 டன். அதைத் தாங்குறது ஓட்டைக்கும் தட்டோட விளிம்புக்கும் நடுவுல இருக்கிற மூணே மூணு மில்லிமீட்டர் அலுமினியம்.

பின்னலா இருந்தா கம்பி சாய்ஞ்சு போகுது. வெளிய பிய்க்கிற பங்கு பாதிக்கும் கீழ, சுமார் 45 சதவீதம்தான். மீதி இழுவை தட்டோட வளைவு வழியாப் பக்கத்து உலோகத்தை நோக்கிப் போகுது. அங்க நிறையச் சதை இருக்கு. ஒரு துணியோட ஓரத்துல ஊசியைக் குத்தி வெளிப்பக்கம் இழுங்க, கிழிஞ்சுடும். அதையே ஓரத்துக்கு இணையா இழுத்தா தாங்கும். அவ்வளவுதான் விஷயம்.

அண்ணன் நகத்தால தடவின தடம் இருக்கே, அதுதான் கொடுமை. பல வருஷம் சாய்ஞ்ச கம்பி அழுத்தி அழுத்தி அலுமினியத்துல ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருக்கு. நான் கம்பியை வேற திசையில இழுத்ததும் அந்தப் பள்ளத்தோட ஓரம் விரிசலுக்கு வாசல் ஆயிடுச்சு. ஒரு ஓட்டையில ஆரம்பிச்சு, அடுத்த ஓட்டை, அதுக்கடுத்த ஓட்டை. தபால்தலைத் தாளை ஓட்டை வரிசையில கிழிக்கிற மாதிரி.

இதுல எனக்கு லாபம் என்னன்னு பின்னாடி கணக்குப் போட்டேன். நேர்க்கம்பி பின்னல் கம்பியை விட 10 மில்லிமீட்டர் குட்டை. 36 கம்பிக்கு மொத்தம் 36 சென்டிமீட்டர். எடையில ஒன்பது கிராம். காபிக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. அதுக்காகத்தான் என் பொண்ணை அந்தச் சக்கரத்துல ஏத்தி அனுப்பினேன்.

நேர்க்கம்பி திரும்பி வந்தது

1990-கள்ல பந்தய சைக்கிள்கள்ல ரேடியல் முன் சக்கரம் பரவலாத் திரும்பி வந்துச்சு. கம்பெனியே முழுச் சக்கரமாக் கட்டி விக்க ஆரம்பிச்ச காலம். கம்பி எண்ணிக்கையைக் குறைச்சாங்க, ஹப்பை அதுக்குன்னே புதுசா வடிவமைச்சாங்க. சிலதுல கம்பியோட தலையில வளைவே கிடையாது, நேரா இழுக்கிற கம்பி. பிரான்ஸ் கம்பெனி மாவிக் 'ஐசோபல்ஸ்'னு பின் சக்கரத்துல கூட செயின் இருக்கிற பக்கம் நேர்க்கம்பி, மறுபக்கம் பின்னல்னு தலைகீழாக் கட்டினாங்க. முறுக்கு குடத்தோட உடம்பு வழியா மறுபக்கம் போகணும், அதனால அந்த உடம்பு கெட்டியா இருக்கணும். ஹப்பையும் கம்பியையும் ஒரே ஆளு யோசிச்சாத்தான் இது நடக்கும். நான் செஞ்சது அது இல்லை. வேற எதுக்கோ செஞ்ச ஹப்புல என் ஆசையைக் கட்டினேன்.

அமெரிக்காவுல சைக்கிள் கடையில வேலை பார்த்துக்கிட்டே ஊருக்கெல்லாம் பாடம் எழுதின ஷெல்டன் பிரவுன் (2008-ல காலமானார்) இதை முன்னாடியே எச்சரிச்சிருந்தார். ஹப் செஞ்சவங்க ஒத்துக்கிட்டா ஒழிய ரேடியல் கட்டாதீங்க, தட்டு பிஞ்சுடும்னு. உறையூர் அண்ணன் அதைப் படிச்சிருக்க மாட்டார். அவருக்கு நகமே போதுமா இருந்துச்சு.

கட்டித்தான் தீருவேன்னு இருக்கிறவங்களுக்கு

ஆசை யாரை விட்டுச்சு. பட்டவன் சொல்றேன், ஹப் வாங்கும்போது இதைப் பாருங்க:

1. புது ஹப்பா இருக்கணும். பின்னல் தடம் விழுந்த பழசு வேண்டவே வேண்டாம். பழசுலயே கட்டணும்னா பழைய தடத்துலயே கம்பி உக்கார்ற மாதிரி, அதே பின்னலைக் கட்டுங்க.

2. கூட வர்ற தாளைப் படிங்க. ரேடியல் கூடாது, கட்டினா உத்தரவாதம் கிடையாதுன்னு சில கம்பெனிகள் தெளிவாவே போடுறாங்க. ஒண்ணும் சொல்லலைன்னா அதையும் 'கூடாது'ன்னே எடுத்துக்கோங்க.

3. அச்சுல அடிச்சு அழுத்திச் செஞ்ச தட்டு, உருளையில இருந்து கடைஞ்சு எடுத்ததை விட உறுதி. அடிக்கும்போது உலோகத்தோட இழை தட்டோட வளைவுக்கு ஏத்தபடி ஓடும்.

4. ஓட்டைக்கும் விளிம்புக்கும் நடுவுல எவ்வளவு சதை இருக்குன்னு அளந்து பாருங்க. அதிகமா இருக்கிறதை எடுங்க.

5. சின்னத் தட்டுல 36 ஓட்டை வேண்டாம். ஓட்டை குறையக் குறைய நடுவுல சதை கூடும். 20, 24, 28 ஓட்டை ஹப்புகள் இதுக்குத் தேவலாம். ஆனா ரிம்மும் அதுக்கேத்த உறுதியோட இருக்கணும். பாரம் ஏத்துற வண்டிக்கு இது சரிப்படாது.

6. டிஸ்க் பிரேக் ஹப், டிரம் பிரேக் ஹப் ரெண்டுக்கும் கூடவே கூடாது. அங்க பிரேக் ஹப்பைப் பிடிக்குது, ஹப் ரிம்மைப் பிடிக்கணும். டயர்ல 50 கிலோ அளவுக்குத் தடுப்பு விசைன்னா ஹப்புக்கு வர்ற முறுக்கு 170 நியூட்டன் மீட்டர். நாம முன்னாடி பார்த்த பெடல் கணக்கை விட மூணு மடங்குக்கும் மேல.

ஆறாவது விஷயத்துலதான் சரித்திரம் ஒரு சுத்து சுத்தி வந்திருக்கு. 2018 ஜூலையில உலக சைக்கிள் சங்கமான யூ.சி.ஐ. ரோடு பந்தயங்கள்ல டிஸ்க் பிரேக்கை முறைப்படி ஏத்துக்கிச்சு. 1885-ல முறுக்குல இருந்து விடுதலை வாங்கின முன் சக்கரம் மறுபடியும் மாட்டிக்கிச்சு. டிஸ்க் வந்த வண்டியில முன்னாடியும் பின்னல்தான். அம்பது வருஷம் கழிச்சு நேர்க்கம்பி முன் சக்கரத்தைப் படத்துலதான் பார்க்க வேண்டியிருக்குமோ என்னமோ.

கடைசியா

புது ஹப் வாங்கினேன். மூணு குறுக்குப் பின்னல். அண்ணன் கடை வாசல்ல உக்காந்து அவர் முன்னாலயே கட்டினேன். உடைஞ்ச துண்டைக் காட்டினேன். "நான் சொன்னேன்ல"ன்னு ஒரு வார்த்தை சொல்லுவார்னு எதிர்பார்த்தேன். அவர் துண்டைக் கையில வாங்கித் திருப்பிப் பார்த்துட்டு, "பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லையில்ல?"னு மட்டும் கேட்டார்.

பொண்ணுகிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். "அந்த வீல் அழகா இருந்துச்சேப்பா"ன்னா. ஆமா, இருந்துச்சு.

தமிழ்ல ஆரக்கால்னு சொல்றோம், ஆனா சைக்கிள்ல அது ஆரமே இல்லை, தொடுகோடு. 1874-ல ஸ்டார்லி கண்டுபிடிச்சதுக்கு நம்மகிட்ட இன்னும் பேர் இல்லை. உங்க ஊர் சைக்கிள் கடையில குறுக்குக் கம்பிக்குன்னு தனிப் பேர் ஏதாவது இருக்கா? ஹப்பைக் குடம்னு சொல்ற கடை இன்னும் எங்கயாவது இருக்கா? இருந்தா மறக்காமச் சொல்லிட்டுப் போங்க மக்களே.